கிருஷ்ணகிரியிலிருந்து மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா: ரயில் பாதி, கார் பாதியாக முதல் வெளிநாட்டுப் பயணம்

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ரயில் என்றாலே ஓசூரோ தர்மபுரியோ ஜோலார்பேட்டையோ போய் ஏற வேண்டிய விஷயம். அதனால் ஐரோப்பாவில் நாலு ஊர், நடுவில் ரயில், கொஞ்சம் கார் என்றதும் தலை சுற்றுகிறது. எதை முதலில் முடிப்பது, எதை அப்புறம் முடிப்பது என்ற வரிசை பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. பாஸ்போர்ட் எடுப்பது, விமான டிக்கெட் விலை பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: மாதம்

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் காலாண்டு விடுமுறைக்குத்தான் கண் போகும். அந்தச் சமயத்தில் மியூனிக்கில் அக்டோபர்ஃபெஸ்ட் நடக்கும். செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை போகிற திருவிழா அது. அறை வாடகை கண்ணைக் கட்டும். லீவு போட முடிந்தால் அக்டோபர் நடுவைப் பிடியுங்கள். மலைப் பக்கத்து மரங்கள் மஞ்சளும் செம்பழுப்புமாக நிற்பதும் அப்போதுதான். நவம்பருக்குத் தள்ளாதீர்கள். பல ரோப் கார்களை அந்த மாதத்தில் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அதற்கப்புறம் மாலை 5 மணி சுமாருக்கே இருட்டிவிடும்.

படி 2: இரவுகளை எண்ணுங்கள்

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இதற்கென்று ஆப் எதுவும் வேண்டாம். ஒரு கூகுள் ஷீட், அதில் இரண்டே பத்தி: தேதி, அன்று இரவு எங்கே தூங்குகிறோம். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை இப்போது தொடவே தொடாதீர்கள். என் கணக்கு இப்படி: மியூனிக் 3 இரவு, சால்ஸ்பர்க் 2, ஹால்ஸ்டாட் ஏரிப் பக்கம் 3, வியன்னா 3.

ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே விசா) எந்த நாட்டிடம் கேட்பது என்பதை ஷீட்டின் இந்த இரவுப் பத்திதான் முடிவு செய்கிறது. "முதலில் எங்கே இறங்குகிறோமோ அந்த நாட்டு விசா" என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம அளவு தங்கினால்தான் முதலில் நுழையும் நாடு. மேலே உள்ள கணக்கில் மியூனிக் இருக்கும் ஜெர்மனி 3, மற்ற மூன்று ஊரும் இருக்கும் ஆஸ்திரியா 8. இறங்குவது மியூனிக் என்றாலும் விசா ஆஸ்திரியாவிடம்தான். ஊர் மாற்றி ஒரு இரவை நகர்த்தினால்கூட மறுபடி கூட்டிப் பாருங்கள்.

முதல் தேதியிலும் ஒரு வம்பு உண்டு. பெங்களூரிலிருந்து கிளம்பும் விமானங்களில் பல நள்ளிரவு தாண்டித்தான். டிக்கெட்டில் 10ஆம் தேதி 02:30 என்றிருந்தால், நீங்கள் வீட்டைப் பூட்டுவது 9ஆம் தேதி. அதுவும் மதியத்துக்கு மேல் தாமதிக்காமல். அத்திப்பள்ளி தாண்டி சில்க் போர்டில் மாட்டினால் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி போய்ச் சேருவது அந்தச் சாலையின் மனசைப் பொறுத்தது. விமானத்திலேயே தூங்குகிற இரவுக்கு ஹோட்டல் போட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

பத்தி நிரம்பியதும் ரத்து செய்யக்கூடிய ஹோட்டல்களைப் பதிவு செய்யுங்கள். விமான டிக்கெட்டில் 'மல்டி சிட்டி'யைத் தேர்ந்தெடுத்து, போவது மியூனிக், திரும்புவது வியன்னா என்று போடுங்கள். வந்த வழியே திரும்பிப் போகும் ஒரு நாள் மிச்சம்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல சாதாரணமாக 15 நாள், சிலருக்கு 45 நாள் வரை இழுக்கும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். நமக்கு பெங்களூரு பக்கம்தான், ஆனால் முகவரி தமிழ்நாடு. எந்த விசா மையத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அப்பாயின்ட்மென்ட் எடுக்கும் முன் பாருங்கள்.

படி 3: ஓட்டுநர் அனுமதி

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நம் ஆர்டிஓவில்தான் வாங்க வேண்டும். பரிவாஹன் தளத்தில் விண்ணப்பம், படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். 2021 முதல் இதற்கு விசா கட்டாயமில்லை, அதனால் விசா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் லைசென்ஸ் அசலையும் எடுத்துப் போங்கள். சிறு புத்தகமாக வரும் இந்த அனுமதி மட்டும் இருந்தால் செல்லாது.

படி 4: கார் நடுவில் மட்டும்

பெரிய ஊருக்குள் கார் தலைவலி. ஏரிப் பக்கத்துக்கு மட்டும் எடுங்கள். சால்ஸ்பர்க்கில் எடுத்து சால்ஸ்பர்க்கிலேயே விடுங்கள். ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விட்டால் தனிக் கட்டணம். நாடு மாறினால் அது இன்னும் ஏறும்.

பதிவு செய்யும்போது 'ஆட்டோமேட்டிக்' என்று குறிப்பாகத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கியர் வண்டிதான் வரும். வலது பக்கம் ஓட்டிக்கொண்டே வலது கையால் கியர் மாற்றுவதை விடுமுறையில் பழக வேண்டியதில்லை. ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், டெபாசிட் தொகையை அதில் பிடித்து வைப்பார்கள். ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு 'விக்னெட்' என்ற கட்டணச் சீட்டு தேவை. வண்டிக்கு இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே வழி. ஹாரன் அடித்து வழி வாங்கும் நம்மூர் பழக்கம் அங்கே எடுபடாது.

சால்ஸ்பர்க்கிலிருந்து ஹால்ஸ்டாட் சுமார் 75 கி.மீ. வண்டியை ஊருக்கு வெளியேதான் நிறுத்த வேண்டும்.

படி 5: ரயில்

பல நாட்டு ரயில்களில் ஒரே சீட்டில் போகும் யூரெயில் பாஸை இந்தப் பாதைக்கு வாங்காதீர்கள், காசுக்குக் கேடு. மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் வரை 'பயர்ன் டிக்கெட்' (மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் ஒரு நாள் சீட்டு) செல்லும். குடும்பமாகப் போனால் லாபம். வட்டார ரயில்களில் மட்டும்தான், வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல். ஏறும் முன் பெட்டியின் மேலுள்ள திரையைப் படியுங்கள். வழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊருக்குப் போகும் ரயில்கள் உண்டு.

சால்ஸ்பர்க்கிலிருந்து வியன்னா இரண்டரை மணி நேரம். அந்தப் பாதையில் இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன: அரசின் ஓஇபிபி, தனியாரின் வெஸ்ட்பான். ஒன்றின் சலுகை டிக்கெட் மற்றதில் செல்லாது. நம்மூர் போல டிக்கெட்டிலேயே இருக்கை எண் வராது, அதைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். மலிவு டிக்கெட் என்றால் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். நேர அட்டவணை பார்க்க ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் ஆப்தான் எனக்குப் பிடித்தது.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டார்கள்: சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா? புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி தாராளமாக. நெய், பால்கோவா, கறி எதுவும் கூடாது. பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளைப் பாருங்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: ஆஸ்திரியாவில் 14 வயதுக்குள், 135 செ.மீ.க்குக் குறைவான உயரம் உள்ள பிள்ளைக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம். காரோடு சேர்த்தே அதையும் பதிவு செய்யுங்கள், கவுன்டரில் போய்க் கேட்டால் இருக்கும் என்று நம்ப முடியாது.