ஐஓஎஸ் 26 சொன்னதைச் செய்கிறதா? உங்கள் ஐபோனிலேயே சோதித்து அறியும் முறை

2025 ஜூன் 9 அன்று அறிவிக்கப்பட்டு, செப்டம்பர் 15 அன்று பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஐஓஎஸ் 26 (ஐபோனை இயக்கும் ஆப்பிளின் மென்பொருள்), ஐபோனின் தோற்றத்தைப் பெரிய அளவில் மாற்றியிருக்கிறது. இதற்கு ஒப்பான மாற்றத்தைத் தேடினால் 2013இல் வந்த ஐஓஎஸ் 7 வரை பின்னோக்கிப் போக வேண்டும். பதிப்பு எண் 18இலிருந்து ஒரே தாவலில் 26க்கு வந்ததால் பலருடைய எதிர்பார்ப்பும் அதற்கேற்ப உயர்ந்துவிட்டது. ஆனால் தன் எல்லா இயங்குதளங்களுக்கும் ஆண்டை ஒட்டிய ஒரே எண்ணைச் சூட்ட ஆப்பிள் முடிவு செய்ததுதான் அந்தத் தாவலுக்குக் காரணம். இடையில் எட்டுத் தலைமுறை முன்னேற்றம் எதுவும் நடந்துவிடவில்லை.

இந்த அப்டேட் நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஐபோன் 11இல் நிறுவுகிறவருக்குக் கிடைப்பதும் ஐபோன் 16இல் நிறுவுகிறவருக்குக் கிடைப்பதும் பெயரளவில்தான் ஒன்று. ஆகவே, விமர்சனங்களைப் படிப்பதைவிட, உங்கள் மாடலுக்கு என்ன வாக்குத் தரப்பட்டது, அது வந்து சேர்ந்ததா, அதற்கு ஈடாக எதை இழந்தீர்கள் என்ற மூன்றையும் நீங்களே அளந்து பார்ப்பது பயனுள்ளது. அதற்கான முறையை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். நிறுவுவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கினால்தான் இது பலன் தரும்.

எதிர்பார்ப்பை முதலில் எழுதி வையுங்கள்

புதிய வசதிகளில் உங்களுக்கு உண்மையில் தேவைப்படுபவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது உங்கள் மாடலுக்கு உண்டா, உங்கள் நாட்டிலும் மொழியிலும் கிடைக்கிறதா, முதல் வெளியீட்டிலேயே இருக்கிறதா அல்லது பின்னால் வருமா என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த விவரங்கள் ஆப்பிளின் வசதிப் பட்டியலில், பெரும்பாலும் அடிக்குறிப்பாகச் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த அடிக்குறிப்பைப் படிக்காமல் ஏமாற்றமடைகிறவர்களே அதிகம் என்பது என் கருத்து.

முந்தைய ஆண்டின் அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜூனில் ஐஓஎஸ் 18 அறிவிக்கப்பட்டபோது எல்லாருடைய கவனமும் ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதிகளான ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் மீதே இருந்தது. செப்டம்பர் 16 அன்று வெளியான ஐஓஎஸ் 18.0இல் அது இல்லவே இல்லை. அதன் முதல் பகுதி அக்டோபர் 28 அன்று 18.1 உடன் வந்தது. அதுவும் ஐபோன் 15 புரோவுக்கும் அதற்குப் பிந்தைய மாடல்களுக்கும் மட்டுமே கிடைத்தது. பயனரின் சொந்தத் தகவல்களை அறிந்து பதில் சொல்லும் புதிய சிரி (ஆப்பிளின் குரல்வழி உதவியாளர்) தாமதமாகும் என்று 2025 மார்ச்சில் நிறுவனமே அறிவித்தது. ஆண்ட்ராய்டு பக்கமும் நிலை இதுதான். ஆண்ட்ராய்டு 16, 2025 ஜூன் 10 அன்று கூகுளின் பிக்சல் கைப்பேசிகளுக்கு வந்தது. ஆனால் பெரிதாகப் பேசப்பட்ட புதிய தோற்றமான மெட்டீரியல் 3 எக்ஸ்பிரஸிவ் செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தது. எண் முதலில் வருகிறது, வாக்கு பிறகு வருகிறது என்பதை நினைவில் வைத்தால், முதல் நாளிலேயே தீர்ப்பு சொல்லும் அவசரம் குறையும்.

ஐஓஎஸ் 26இல் இப்படி வடிகட்ட வேண்டியவை பல உள்ளன. பயன்பாட்டைக் கவனித்து மின்செலவைத் தானே குறைக்கும் ‘அடாப்டிவ் பவர்’ வசதி ஐபோன் 15 புரோவிலிருந்துதான் கிடைக்கும். அழைப்பிலும் குறுஞ்செய்தியிலும் உடனுக்குடன் மொழிபெயர்க்கும் ‘லைவ் டிரான்ஸ்லேஷன்’ வசதி வெளியானபோது அதன் மொழிகளில் தமிழ் இல்லை. இந்த வசதிக்காகவே அப்டேட் செய்ய நினைக்கும் தமிழ்ப் பயனர் அந்த ஒரு வரியைப் பார்த்தாலே முடிவெடுத்துவிடலாம். ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ், எக்ஸ்எஸ் மேக்ஸ் வைத்திருப்போருக்கு இந்தப் பதிப்பே கிடையாது.

பேட்டரியின் உடல்நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

“அப்டேட் செய்ததும் போன் மெதுவாகிவிட்டது” என்ற புகாரில் ஒரு பகுதி பழைய பேட்டரியின் மேல் விழ வேண்டியது. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, தேய்ந்த பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென அணைந்துபோவதைத் தடுப்பதற்காக அவற்றின் வேகத்தைக் குறைத்தது. பயனர்களுக்கு இது தெளிவாகச் சொல்லப்படவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் விஷயம் வெளிவந்தபோது ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, உத்தரவாதக் காலம் முடிந்த பேட்டரியை மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. செட்டிங்ஸில் பேட்டரியின் நிலையைக் காட்டும் பக்கம் 2018இல் ஐஓஎஸ் 11.3 உடன் வந்ததும் இதன் விளைவுதான்.

அந்தப் பக்கத்தை அப்டேட்டுக்கு முன்பே திறந்து, அதிகபட்சக் கொள்ளளவு எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும், ஐபோன் 15 முதலான மாடல்களின் பேட்டரி 1000 சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. உங்களுடையது 80க்குக் கீழே இருந்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். மாற்றாமல் செய்யும் எந்த ஒப்பீடும் புதிய இயங்குதளத்தைப் பற்றி உங்களுக்கு எதையும் சொல்லாது.

அடுத்து, ஒரு சாதாரண வாரத்தின் மின்செலவை அளந்து வையுங்கள். பேட்டரிப் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை சதவீதம் செலவானது, திரை எத்தனை மணி நேரம் எரிந்தது என்ற இரண்டும் இருக்கும். செலவை நேரத்தால் வகுத்தால் ஒரு மணிநேரத் திரைப் பயன்பாட்டுக்கான செலவு கிடைக்கும். 4 மணி நேரத்துக்கு 60 சதவீதம் செலவானால் மணிக்கு 15 சதவீதம். பின்னர் அதே 4 மணி நேரத்துக்கு 72 சதவீதம் செலவானால் மணிக்கு 18. அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. “சார்ஜ் நிற்கவே மாட்டேன் என்கிறது” என்ற மனக்குறைக்கு இப்படி ஓர் எண் கிடைத்துவிட்டால், அடுத்த முடிவு எளிதாகும்.

திரும்பும் வழியை முன்பே தயார் செய்யுங்கள்

முழு பேக்கப் எடுக்காமல் எந்தப் பெரிய அப்டேட்டையும் தொடக் கூடாது. ஐகிளவுடில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டுமே என்பதால், கணினியில் எடுத்து வைப்பது பலருக்கு உகந்தது. மேக் கணினியில் ஃபைண்டர் வழியாக எடுத்தபின் அந்த பேக்கப்பை ‘ஆர்க்கைவ்’ செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பேக்கப் அதன் மேலேயே எழுதப்பட்டுவிடும். இது ஏன் முக்கியம் என்றால், புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்புள்ள கைப்பேசியில் ஏற்ற முடியாது. பழையதற்குத் திரும்ப வேண்டியிருந்தால், பழைய பதிப்பில் எடுத்த பேக்கப்தான் கைகொடுக்கும்.

முதல் சில நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

நிறுவி முடித்ததும் கைப்பேசி சூடாவதும் சார்ஜ் வேகமாக இறங்குவதும் இயல்பு. படங்களையும் கோப்புகளையும் தேடலுக்காக மறுபடி வகைப்படுத்துவது, செயலிகளைப் புதுப்பிப்பது போன்ற வேலைகள் பின்னணியில் நடந்துகொண்டிருக்கும். பெரிய பதிப்புகளை நிறுவியவுடன் பேட்டரியில் தற்காலிகத் தாக்கம் தெரியலாம் என்று ஆப்பிளே விளக்கம் வெளியிட்டிருக்கிறது. இரவில் வைஃபையிலும் சார்ஜரிலும் விட்டுவைத்தால் இந்த வேலைகள் விரைவில் முடியும். அந்த நாட்களில் வரும் எண்களைத் தாளில் எழுதவே வேண்டாம். ஒரு வாரம் கழிந்த பின், முன்பு அளந்த அதே கிழமைகளில், அதே வீடு, அதே அலுவலகம், அதே பயண வழி என்ற நிலையில் மறுபடி அளங்கள். சிக்னல் குறைந்த ஊருக்குப் போன நாளை ஒப்பீட்டில் சேர்த்தால் குற்றம் இயங்குதளத்தின் மேல் தவறாக விழும்.

கண்ணுக்கான சோதனை

ஐஓஎஸ் 26இன் மையம் ‘லிக்விட் கிளாஸ்’ எனும் தோற்றம். பொத்தான்களும் பட்டைகளும் அறிவிப்புகளும் கண்ணாடித் துண்டுகளைப் போல, பின்னால் இருப்பதை வளைத்தும் மங்கலாக்கியும் காட்டுகின்றன. அழகு அவரவர் ரசனை. ஆனால் வாசிக்க முடிகிறதா என்பது ரசனை சார்ந்ததன்று, அதைச் சோதித்துப் பார்க்கலாம். நான் மிகுந்த எடை கொடுக்கும் சோதனை இதுதான், ஏனெனில் ஒரு நாளில் நூறு முறை பார்க்கும் திரை கண்ணை உறுத்தினால் மற்ற வசதிகள் எவையும் அதை ஈடு செய்யா.

பூக்களோ கூட்டமோ நிறைந்த, பல நிறங்கள் கலந்த ஒரு புகைப்படத்தைப் பூட்டுத்திரைக்கு வையுங்கள். பகல் வெயிலில் வெளியே நின்று, வந்திருக்கும் அறிவிப்புகளைக் கையை நீட்டிப் பிடித்தபடியே வாசித்துப் பாருங்கள். பிறகு அதையே வெள்ளைப் பின்னணியுள்ள படத்தோடும் இரவில் இருண்ட தோற்றத்திலும் செய்து பாருங்கள். வீட்டில் அதே கைப்பேசியைப் பயன்படுத்தும் அறுபது வயதுக்கு மேற்பட்டவர் இருந்தால், அவரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ் அறிவிப்புகளைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ண’, ‘ன’, ‘ற’ போன்ற எழுத்துகளின் சுழிகளும், மேலே வரும் புள்ளியும், ‘கி’, ‘கீ’ வேறுபாடும் மங்கலான பின்னணியில் ஆங்கில எழுத்துகளுக்கு முன்பே கரைந்துபோகக்கூடும்.

சிரமமாக இருந்தால், செட்டிங்ஸில் ‘அக்ஸசிபிலிட்டி’ பகுதிக்குள் ‘டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ்’ என்பதைத் திறந்து ‘ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்ஸி’யை இயக்குங்கள், எழுத்து இன்னும் மெலிதாகத் தெரிந்தால் அதே இடத்தில் ‘இன்கிரீஸ் கான்ட்ராஸ்ட்’ உண்டு. அசைவுகள் தலைசுற்றலைத் தந்தால் ‘ரெட்யூஸ் மோஷன்’ உதவும். 2025 நவம்பர் 3 அன்று வந்த 26.1இல், ‘டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ்’ பகுதியிலேயே லிக்விட் கிளாஸை ‘கிளியர்’, ‘டின்டெட்’ என்ற இரண்டில் ஒன்றாக வைக்கும் தேர்வு சேர்க்கப்பட்டது. ‘டின்டெட்’ கண்ணாடியின் ஊடுருவலைக் குறைத்து எழுத்தை எடுப்பாக்குகிறது. வெளியாகி இரண்டு மாதங்கள் முடிவதற்குள் இப்படி ஒரு தேர்வு வந்ததே, முதல் வெளியீட்டைப் பற்றிய புகார்கள் நியாயமானவை என்பதைக் காட்டுவதாக நான் கருதுகிறேன்.

அன்றாட வேலைகள்

இங்கே நீண்ட சோதனை தேவையில்லை. நீங்கள் பிழைப்புக்கு நம்பியிருப்பவற்றை மட்டும் ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். வங்கிச் செயலியில் உள்நுழைந்து, யுபிஐ வழியே ஒரு ரூபாய் அனுப்புங்கள். இரண்டு சிம்களிலும் அழைப்பு வருகிறதா, போகிறதா என்று பாருங்கள். காரின் புளூடூத், ஹாட்ஸ்பாட், முகம் கண்டு பூட்டைத் திறத்தல் ஆகியவற்றைச் சரிபாருங்கள். தமிழ்99 அல்லது அஞ்சல் விசைப்பலகையில் ஒரு முழுப் பத்தியைத் தட்டச்சு செய்து, எழுத்து தாமதமாக விழுகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று பழுதானாலும் மற்ற புதுமைகளின் மதிப்பு குறைந்துவிடும். 2014 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 8.0.1, ஐபோன் 6 வகைகளில் மொபைல் இணைப்பையும் கைரேகை உணரியையும் முடக்கி, அன்றே திரும்பப் பெறப்பட்டது. வெளியான அன்றே நிறுவாமல் சில நாள் பொறுப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பவரிடம் பெயரையும் காரணத்தையும் கேட்ட பிறகே மணியடிக்கச் செய்யும் ‘கால் ஸ்கிரீனிங்’, பட்டியலில் பயன் மிகுந்தவற்றுள் ஒன்று. அதை இயக்கிவிட்டு, உங்கள் தொடர்புப் பட்டியலில் இல்லாத ஒரு நண்பரின் எண்ணிலிருந்து அழைக்கச் சொல்லுங்கள். இயந்திரக் குரலைக் கேட்டதும் பேசாமல் துண்டித்துவிடுகிறவர்கள் உண்டு. பொருள் கொண்டுவரும் ஊழியரோ மருத்துவமனையோ அடிக்கடி அழைக்கும் வீடாக இருந்தால், இந்த வசதி வேலை செய்தாலும் உங்களுக்கு ஏற்றதா என்பதைத் தனியாக யோசிக்க வேண்டும். ஐஓஎஸ் 18இல் ஒரே நீண்ட பக்கமாக மாறியதால் பலர் முகம் சுளித்த போட்டோஸ் செயலி, இப்போது ‘லைப்ரரி’, ‘கலெக்‌ஷன்ஸ்’ என மீண்டும் பிரிந்திருக்கிறது. இது கேட்டுப் பெற்ற திருத்தம், மனநிறைவோடு ஏற்கலாம்.

தாளைப் பார்த்து முடிவெடுத்தல்

இப்போது பழைய தாளை எடுத்து, எதிர்பார்த்த ஒவ்வொன்றுக்கும் எதிரே வந்தது, பாதி வந்தது, வரவில்லை என்று எழுதுங்கள். மின்செலவு ஓரிரு சதவீதம் கூடியிருந்தால் அது நாட்களுக்கிடையே இயல்பாக வரும் வேறுபாடாக இருக்கலாம். ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தால், எந்தச் செயலி தின்கிறது என்று பேட்டரிப் பக்கத்தில் பார்த்து, அதைப் புதுப்பித்து அல்லது நீக்கிவிட்டு இன்னொரு வாரம் அளக்கலாம். ‘வரவில்லை’ என்று குறித்தவற்றை 26.1, 26.2 போன்ற அடுத்தடுத்த வெளியீடுகள் வரும்போது மட்டும் மறுபடி சோதித்தால் போதும். முழுச் சோதனையையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

அப்டேட்டே வேண்டாம் என்று பொறுத்திருப்பவர்கள் பாதுகாப்பை மறந்துவிடக் கூடாது. 26 வெளியான அதே நாளில் ஆப்பிள், பாதுகாப்புத் திருத்தங்களோடு ஐஓஎஸ் 18.7ஐயும் வெளியிட்டது. தோற்றம் பிடிக்காதவர்களுக்கு அது சில காலம் கைகொடுத்தது. ஆனால் புதிய பதிப்பை ஏற்கக்கூடிய கைப்பேசிக்குப் பழைய வரிசையில் திருத்தங்கள் நீண்ட நாள் வந்துகொண்டே இருக்கும் என்று எண்ணித் திட்டமிடக் கூடாது.

நிறுவிய பிறகு திரும்ப விரும்புவோருக்குக் கால எல்லை உண்டு. புதிய பதிப்பு வந்தபின் பழைய பதிப்புகளுக்கு ஆப்பிள் தரும் டிஜிட்டல் ஒப்புதல் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் நின்றுவிடும். நின்றபின் கணினியில் இணைத்து முயன்றாலும் பழைய பதிப்பை நிறுவ முடியாது. ஆகவே வங்கிச் செயலி, அழைப்பு, வாசிப்பு என்ற மூன்றையும் முதல் இரண்டு நாட்களிலேயே சோதித்துவிடுங்கள். மின்செலவைப் போலக் காத்திருந்து அளக்க வேண்டிய தேவை இவற்றுக்கு இல்லை. இந்த மூன்றில் ஒன்று தவறி, செட்டிங்ஸ் மாற்றத்தாலும் செயலிப் புதுப்பிப்பாலும் சரியாகாவிட்டால், ஒப்புதல் திறந்திருக்கும்போதே ஆர்க்கைவ் செய்த பேக்கப்புடன் திரும்பிவிடுங்கள்.