பள்ளிக்கூடம் ‘தேசிய பாடசாலை’ ஆகிறதாம்: கையெழுத்து வைக்கும் முன் பெற்றோர் செய்ய வேண்டியது

இலங்கை மலையகத்தில் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடம் தேசிய பாடசாலை ஆகப்போகிறது என்று பேச்சு கிளம்பினால் போதும், உடனே இரண்டு கட்சி. ஒரு பக்கம் பட்டாசுக்குக் காசு சேர்ப்பார்கள், இன்னொரு பக்கம் பள்ளிக்கூடத்தைக் கொழும்புக்குப் பிடுங்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று கொதிப்பார்கள். இரண்டு பக்கத்திலும் யாரிடமும் ஒரு துண்டுக் கடிதம்கூட இருக்காது. அந்தக் கடிதத்தை எப்படிக் கையில் எடுப்பது, அதில் எதைத் தேடுவது, அப்புறம் ஜனங்களை எப்படி ஒரு கூட்டத்துக்குக் கொண்டுவருவது என்பதுதான் இங்கே விஷயம். ஆதரிப்பதா எதிர்ப்பதா என்பது அதற்குப் பிறகு.

எது மாறும், எது மாறாது

1987-இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு அரசாங்கப் பாடசாலைகள் மாகாண சபைகளின் கீழ் போயின. தேசிய பாடசாலைகள் போன்ற சில வகைகளை மட்டும் மத்திய அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது. ஆகவே மாகாணப் பாடசாலை என்றால் மத்திய மாகாணமோ ஊவாவோ அந்தந்த மாகாணக் கல்வித் திணைக்களமும் அதன் கீழுள்ள வலயக் கல்விக் காரியாலயமும் பொறுப்பு. தேசிய பாடசாலை என்றால் அதிபரை யார் போடுவது, ஆசிரியரை யார் மாற்றுவது, கட்டடத்துக்குக் காசு எங்கிருந்து வருவது என்பதையெல்லாம் பத்தரமுல்லை இசுருபாயவில் இருக்கிற கல்வி அமைச்சு பார்க்கும். மாறுவது இதுதான், அதாவது முடிவெடுக்கிற மேசை.

பாடத்திட்டம் மாறாது. சாதாரண தரமும் உயர்தரமும் அதே பரீட்சைகள்தான். இலவசப் பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் இரண்டு வகைப் பாடசாலைக்கும் உண்டு. தேசிய பாடசாலை என்பது தனியார் பாடசாலை அல்ல, மாதாமாதம் காசு கட்டச் சொல்லுவார்கள் என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வசதிக் கட்டணம், அபிவிருத்திச் சங்கக் காசு என்று வாங்குவது இரண்டு இடத்திலும் இருக்கிற வழக்கம்தான், அதைப் பற்றிச் சண்டை போடுவதென்றால் இப்போதே போடலாம்.

பழைய ஆட்களிடம் கேட்டால் இன்னொரு மாற்றத்தைச் சொல்லுவார்கள். தோட்ட நிர்வாகம் நடத்திய பாடசாலைகளை 1970-களில் தொடங்கிப் படிப்படியாக அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆசிரியருக்கு அரசாங்கச் சம்பளம் வந்தது, வகுப்புகள் கூடின, நல்லதுதான் நடந்தது. ஆனால் பல இடங்களில் பள்ளிக்கூடம் நிற்கிற காணி தோட்டத்துக் காணியாகவே கிடந்தது, புதுக் கட்டடம் கட்டப் போகும்போதுதான் அது தலைவலியானது. பொறுப்பு கைமாறும்போது எல்லாமே சேர்ந்து கைமாறுவதில்லை. இந்தத் தடவை அதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

பேச்சா, முன்மொழிவா, தீர்மானமா?

மேடையில் ஒருவர் “இந்தப் பாடசாலையைத் தரமுயர்த்துவோம்” என்று சொன்னது ஒரு கட்டம். மாகாணமோ வலயமோ பெயர்ப்பட்டியல் அனுப்பியது இன்னொரு கட்டம். அமைச்சரவைத் தீர்மானமோ அமைச்சின் கடிதமோ வந்தது மூன்றாவது. முதல் கட்டத்தில் இருக்கிற விஷயத்துக்கு மூன்றாவது கட்டத்துச் சத்தம் போட்டால், நாளைக்கு உண்மையிலேயே கடிதம் வரும்போது நம் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்.

அதிபரிடம் போய்க் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “எழுத்தில் ஏதும் வந்திருக்கிறதா சேர், வந்திருந்தால் கடித இலக்கமும் திகதியும் என்ன?” மரியாதையாகக் கேளுங்கள். அவரும் தாபனக் கோவை என்கிற அரசாங்க ஊழியர் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர், வாய்விட்டுப் பேச முடியாத நிலையில் இருக்கலாம். இலக்கமும் திகதியும் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. அமைச்சரவைத் தீர்மானங்களை அரசாங்கத் தகவல் திணைக்களம் தமிழிலும் வெளியிடுகிறது, அதையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

நாட்டில் 10,000-க்கு மேல் அரசாங்கப் பாடசாலைகள் இருக்கின்றன. 370 சொச்சமாக இருந்த தேசிய பாடசாலைகளை ஆயிரமாக ஆக்கும் திட்டம் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ காலத்தில் வந்தபோது, மாகாணத்தின் அதிகாரத்தைப் பறிக்கிறார்கள் என்ற எதிர்ப்பும், பெயர்ப்பலகைதான் மாறுகிறது என்ற முறைப்பாடும் சேர்ந்தே வந்தன. நம் பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் பெரிய பயம் என்பது என் எண்ணம். பலகை மாறி, விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடம் அப்படியே இருந்தால் யாருக்கு என்ன லாபம்?

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆசிரியரில் தொடங்குங்கள். பாடசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, அதாவது இருக்க வேண்டிய ஆசிரியர்கள், எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை பேர், எந்தப் பாடத்துக்கு வெற்றிடம் என்று பாடம் பாடமாக ஒரு பட்டியல் வேண்டும். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், தகவல் தொழினுட்பம், உயர்தரம் இருந்தால் பௌதிகவியலும் இரசாயனவியலும். அப்புறம் இன்று படிப்பிக்கிற ஆசிரியர்கள் மாகாண சேவைக்காரர்கள், பாடசாலை மத்திய அரசுக்குப் போனால் அவர்கள் இருப்பார்களா, மாகாணத்துக்குத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, எடுத்தால் அந்த இடத்துக்கு எப்போது யார் வருவார்? தேசிய பாடசாலை ஆசிரியருக்கு இடமாற்றம் நாடு முழுக்க. வடக்கு கிழக்கிலிருந்து நியமனம் பெற்று மலைக்கு வந்து, வருடம் முடிந்ததும் ஊர்ப்பக்கம் மாற்றம் கேட்கிற கதை நமக்குப் புதிதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, குளிரும் வாடகை அறையும் யாருக்கும் பிடிக்காது. அதனால்தான் பதிலாள் வராமல் யாரையும் விடுவிக்கக் கூடாது என்று எழுத்தில் கேட்க வேண்டும். பத்தனை ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரியில் படித்து வெளிவருகிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கே நியமனம் கிடைக்க வழி இருக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது அனுமதி. முதலாம் தர அனுமதிக்கு வருகிற சுற்றுநிருபம் இரண்டு வகைப் பாடசாலைக்கும் பொது, ஆகவே சட்டம் மாறாது. மாறுவது போட்டி. இன்றைக்கு விண்ணப்பித்த பிள்ளையெல்லாம் சேர்ந்துவிடுகிற பாடசாலைக்கு, பெயர் வந்ததும் பட்டணத்திலிருந்தும் விண்ணப்பம் வரும். இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் நேர்முகப் பரீட்சையில் புள்ளி போடுவார்கள். அண்மையில் வசிப்பவர் என்ற பிரிவில் வீட்டு உறுதிக்கு, அதாவது சொத்துப் பத்திரத்துக்கு, புள்ளி உண்டு. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் மூன்று தலைமுறையாக இருக்கிறவரிடம் உறுதி ஏது? காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, மின்சாரப் பட்டியல்கூடச் சில தோட்டங்களில் அவர் பெயரில் இல்லை. பாடசாலை மதிலுக்கு அடுத்த லயத்துப் பிள்ளை, பட்டணத்தில் உறுதியோடு இருக்கிறவரின் பிள்ளைக்குப் பின்னால் நிற்கிற நிலை அப்படித்தான் வரும். இதற்கு இரண்டு வேலை: அந்த வருடத்துச் சுற்றுநிருபத்தின் பிரதியை எடுத்து எந்தெந்தப் பத்திரத்துக்கு எத்தனை புள்ளி என்று பாருங்கள், வாக்காளர் இடாப்பில் பெயர் ஒழுங்காக இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். தரம் 6-க்கும் இதே கதைதான், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி வந்துவிட்டால் உள்ளூர்ப் பிள்ளைக்கு எத்தனை இடம் மிஞ்சும் என்று கேட்டு வையுங்கள்.

தரம் 1 முதல் 5 வரையான ஆரம்பப் பிரிவு இங்கேயே இருக்குமா, பிரித்து வேறு பாடசாலையாக்குவார்களா? சுற்றியுள்ள சின்னப் பாடசாலைகள் என்னவாகும்? மொழிமூலம் தமிழாகவே இருக்குமா? காணி யார் பெயரில் இருக்கிறது, நில அளவைப் படம் உண்டா? இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பதில் போதும், ஆனால் எழுத்தில் வேண்டும்.

பாடசாலை எந்த வகை என்பதும் முக்கியம். விஞ்ஞானப் பிரிவோடு உயர்தரம் இருக்கிற 1ஏபி பாடசாலை என்றால் மத்திய அரசின் காசும் ஆய்வுகூடமும் வந்தால் உண்மையிலேயே பிரயோசனம், பிள்ளைகள் பஸ் ஏறி ஹட்டனுக்கும் கண்டிக்கும் போகிற பாடு குறையும். பதினோராம் தரத்தோடு நிற்கிற வகை 2 பாடசாலைக்கு வெறும் பெயரை மாற்றுவதைவிட, முதலில் உயர்தரம் தொடங்கித் தாருங்கள் என்று கேட்பதே புத்தி.

தகவல் கேட்பது எப்படி

வாயால் கேட்டுப் பதில் வரவில்லை என்றால் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. அலுவலர் நியமிக்கப்படவில்லை என்று கையை விரித்தால், அந்த நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலர் என்று சட்டம் சொல்கிறது.

ஒரே விண்ணப்பத்தை மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் கல்வி அமைச்சுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள், ஒருவர் இல்லை என்று சொல்லுகிற கடிதம் மற்றவரிடம் இருக்கும். கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “எங்கள் பாடசாலையை ஏன் மாற்றுகிறீர்கள்?” என்று கேட்டால் ஒரு பக்கத்துக்கு வியாக்கியானம் வரும். இப்படிக் கேளுங்கள்:

“எமது பாடசாலையைத் தேசிய பாடசாலையாக மாற்றுவது தொடர்பாகத் தங்கள் காரியாலயம் அனுப்பிய, பெற்ற கடிதங்கள் அனைத்தினதும் பிரதிகள். இன்றைய திகதியில் இப்பாடசாலையின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணியும் பாடவாரியான வெற்றிடங்களும். பாடசாலைக் காணியின் உரிமை தொடர்பாகத் தங்களிடம் உள்ள ஆவணங்களின் பிரதிகள்.”

நேரில் கொடுத்தால் கிடைத்ததற்கான எழுத்துச் சான்றை வாங்கிக்கொண்டு வாருங்கள், தபால் என்றால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டை விண்ணப்பப் பிரதியோடு தைத்து வையுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அல்லது மறுத்தால், அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென்று குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் எழுதுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கூட்டம்

காகிதம் வந்த பிறகு கூட்டம், அதற்கு முன் வேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் அதிபர்தான், ஆகவே பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லி அவருக்கே எழுத்தில் கொடுங்கள். இந்த விடயத்தை நிகழ்ச்சி நிரலில் தனியாகப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விளையாட்டுப் போட்டி வரவுசெலவு பேசியே பொழுது போய்விடும்.

நேரம் பெரிய விஷயம். வார நாளில் காலை ஒன்பதுக்குக் கூட்டம் வைத்தால் வருகிறவர் அரைப் பேரை, அதாவது அரை நாள் சம்பளத்தை, இழந்துதான் வர வேண்டும், அப்படி யாரும் வர மாட்டார்கள், பிறகு “பெற்றோர் ஆர்வமில்லை” என்று அறிக்கையில் எழுதுவார்கள். ஞாயிறோ போயாவோ வையுங்கள், முடியாவிட்டால் மாலைக் கொழுந்தை எடை போட்ட பிறகு. வேலை பிரித்துக் கொடுக்கிற காலைப் பிரட்டில் ஒரு தடவை சொல்லி, கொழுந்து எடை போடுகிற மடுவத்திலும் ஒரு தாள் ஒட்டினால் வாட்ஸ்அப் இல்லாதவருக்கும் சேதி போய்விடும். அம்மா வெளிநாட்டிலோ கொழும்பிலோ வேலை செய்கிற வீடுகளில் பிள்ளையைப் பார்ப்பது பாட்டிதான், அவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் வரட்டும், ஆனால் முதல் அரை மணி நேரம் அம்மாமார் பேசட்டும். தலைவர் முதலில் பேசினால் அப்புறம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், தெரிந்ததுதானே.

கூட்டக் குறிப்பில் “கலந்துரையாடப்பட்டது” என்று எழுத விடாதீர்கள். என்ன கேட்டோம், யார் என்ன பதில் சொன்னார், எந்தத் திகதிக்குள் என்று எழுதச் சொல்லி, வாசித்துக் காட்டிய பிறகு வீட்டுக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெறும் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். வருகைப் பதிவு என்று நீட்டுகிற தாளின் தலைப்பில் பிறகு “நாங்கள் முழுமனதாகச் சம்மதிக்கிறோம்” என்று ஏறினால் யாரிடம் போய்ச் சொல்வது? ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் கூட்டத்தின் பெயரும் திகதியும் நோக்கமும் எழுதியிருந்தால்தான் பேனாவை எடுங்கள், வெற்று வரிகளைக் கோடிழுத்து அடித்துவிடுங்கள்.

யாருக்கு எழுதுவது

கடிதம் ஒரு பக்கம் போதும். வலயக் கல்விப் பணிப்பாளருக்கு முகவரியிட்டு, மாகாணக் கல்விப் பணிப்பாளர், மாகாண ஆளுநர், கல்வி அமைச்சின் செயலாளர், மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் என்று பிரதி போடுங்கள். ஆளுநரை விட்டுவிடாதீர்கள். மாகாண சபைத் தேர்தல் கடைசியாக நடந்தது 2014-இல் ஊவாவில், அந்தச் சபைகளின் காலம் முடிந்ததிலிருந்து மாகாண நிர்வாகம் ஆளுநர் கையில்தான். பாராளுமன்ற உறுப்பினர்களில் ஒரு கட்சிக்காரருக்கு மட்டும் அனுப்பினால் விஷயம் கட்சிச் சண்டையாகிவிடும், எல்லாக் கட்சிக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள்.

கடிதத்தில் “எதிர்க்கிறோம்” என்றோ “வரவேற்கிறோம்” என்றோ தொடங்க வேண்டாம். “பின்வருவன எழுத்தில் உறுதிப்படுத்தப்பட்டால் சம்மதம்” என்று போட்டு நான்கு விஷயத்தைக் கேளுங்கள்: பதிலாள் வராமல் ஆசிரியரை விடுவிப்பதில்லை, ஆரம்பப் பிரிவும் தமிழ்மொழி மூலமும் தொடரும், தோட்டத்துப் பிள்ளைகளின் வதிவிடத்துக்கு உறுதிக்குப் பதிலாக எந்தப் பத்திரம் ஏற்கப்படும், காணியை அளந்து பாடசாலைக்கு ஒப்படைப்பது எப்போது. பிரதிகளையெல்லாம் ஒரு கோவையில் போட்டு, அதைப் பாடசாலைக் காரியாலயத்தில் வைக்காமல் சங்கத்தில் இருக்கிற ஒரு பெற்றோர் வீட்டில் வையுங்கள், அதிபர் மாறினாலும் கோவை மாறாது. பதில் வராவிட்டால் ஒரு மாதம் கழித்து முதல் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு நினைவூட்டல் ஒன்று அனுப்பி, அதன் பிரதியையும் அதே கோவையில் சேருங்கள்.