எண் அழிந்த கண்ணாடியின் பவரைச் சுவரில் கண்டுபிடித்தேன்

பழகிய வாசிப்புக் கண்ணாடி உடைந்தது. காம்பில் இருந்த எண்ணும் எப்போதோ அழிந்துவிட்டது. வயதுக் கணக்கில் வாங்கிய +2.50-இல் எழுத்து பெரிதாகத் தெரிந்தது, ஆனால் புத்தகத்தை முகத்தருகே கொண்டுவர வேண்டும். கூடவே தலைவலி. பவர் பார்க்க அச்சிட்ட எழுத்து அட்டையோ வெளிச்சம் மாறினால் விடையையும் மாற்றியது.

கைகொடுத்தது உடையாமல் தப்பிய வில்லைதான். பகலில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரருகே அதைப் பிடித்து, வெளியே தொலைவில் நிற்கும் மரம் சுவரில் தலைகீழாகத் தெளிவாக விழும்வரை நகர்த்தினேன். ஜன்னல் சட்டத்தைத் தெளிவாக்கினால் போச்சு: அது பக்கத்தில் இருப்பதால் பவர் குறைவாகக் காட்டும். சுவரிலிருந்து வில்லை 67 செ.மீ. 100-ஐ 67-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.5; அதுதான் பவர்.

+1.50 மாட்டினேன், தலைவலி நின்றது. சிலிண்டர் பவர் (திசைக்குத் திசை மாறும் பவர்) உள்ள வில்லைக்கு இந்த வித்தை சரிப்படாது.