கூட்ஸ் ஷெட்டில் நிற்கும் பழைய லாரியை மீட்பது எப்படி

காவிரி டெல்டாவில் பழைய லாரிகள் ஓடித் தேய்ந்ததைவிட நின்று கெட்டதுதான் அதிகம். அரிசி ஆலை முற்றத்திலோ, மீட்டர்கேஜ் காலத்துக் கூட்ஸ் ஷெட் ஓரத்திலோ பல மழைக்காலம் நின்ற வண்டியில், வெளியே தெரியும் துருவைவிட உள்ளே தங்கிய ஈரம்தான் அதிக வேலை வைக்கும். அப்படி ஒரு லாரியை மீட்டு, பழைய ஸ்டேஷன் வளாகத்திலோ ரயில்வே அருங்காட்சியகத்திலோ நிறுத்த நினைக்கும் தன்னார்வக் குழுக்களுக்காக இது. ரயிலடியில் லாரிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்பார்கள். ஆலையிலிருந்து வேகனுக்கு மூட்டை போனது இதில்தான். போதாதென்றால் இன்னொன்றும் சொல்லலாம்: டாடா மெர்சிடிஸ் லாரியும், மீட்டர்கேஜில் ஓடிய வைபி, வைஜி நீராவி இன்ஜின்களில் பலவும் டெல்கோவின் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) ஜாம்ஷெட்பூர் ஆலையில் பிறந்தவை.

முதலில் முடிவு, பிறகு ஸ்பேனர்

வண்டி ஓட வேண்டுமா, நின்றால் போதுமா என்பதைக் குழு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த விண்டேஜ் பதிவு, 50 வயது கடந்த இருசக்கர வாகனங்களுக்கும் கார்களுக்கும்தான். சரக்கு லாரி அதில் வராது. அதனால் ‘விண்டேஜ் நம்பர் வாங்கிச் சாலையில் ஓட்டலாம்’ என்ற நம்பிக்கையில் நன்கொடை திரட்டாதீர்கள். வளாகத்துக்குள் சொந்த இன்ஜினில் நகரும் அளவுக்குச் சரிசெய்வது பெரும்பாலான குழுக்களுக்கு எட்டக்கூடிய இலக்கு.

அடுத்து, அது என்ன வண்டி என்று உறுதி செய்யுங்கள். டெல்கோ 1954-இல் டைம்லர் பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்தது. கூட்டு 1969-இல் முடிந்தது. முகப்பில் மூன்றுமுனை நட்சத்திரம் இருந்தால் அந்த இடைப்பட்ட காலத்து வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இன்ஜின் அதே வயது என்று நம்ப முடியாது, எத்தனையோ முறை மாற்றியிருப்பார்கள். பழைய ஓ.எம்.312 இன்ஜின் ஆறு சிலிண்டர், 90 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 4,580 சி.சி. பின்னால் வந்த 692-இல் போர் 92 மி.மீ., 697-இல் 97 மி.மீ. இந்த இரண்டின் எண்ணிலேயே சிலிண்டர் எண்ணிக்கையும் போரும் இருக்கின்றன. ஹெட்டைக் கழற்றும் நாளில் வெர்னியர் வைத்து அளந்து, அதன்பிறகுதான் ரிங், கேஸ்கட் வாங்க வேண்டும். அசோக் லேலண்ட் காமெட், பெட்போர்டு, ஃபார்கோ எதுவானாலும் இதே ஒழுங்குதான்.

சேசிஸ் நம்பருக்கும் இன்ஜின் நம்பருக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசில் எடுப்பதுபோல் மேலே தாள் வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எடுத்த கையோடு அந்த இடங்களில் கிரீஸ் தடவி டேப் ஒட்டிவிடுங்கள். துரு நீக்கும் உற்சாகத்தில் சேசிஸ் நம்பரையே கிரைண்டரால் தேய்த்தால், பிறகு அந்த வண்டிக்கு அடையாளமே இல்லை.

கழற்றும் முன் பதிவு

அந்தக் காலத்து லாரிகள் பெரும்பாலும் சேசிஸும் முன்முகப்புமாகத்தான் கம்பெனியிலிருந்து வந்தன. கேபினும் பின்தொட்டியும் உள்ளூர் பாடி பட்டறையில் ஆசாரி கட்டியது. ஆகவே கம்பெனி படத்தைப் பார்த்து ‘ஒரிஜினல்’ தேடுவதில் பொருளில்லை. உங்கள் முன் நிற்கும் மரக்கேபின்தான் ஒரிஜினல். அதைப் பிரித்துப்போட்டுவிட்டு நாமக்கல்லில் புதுப்பாணி பாடி கட்டிவந்தால், எஞ்சுவது பழைய சேசிஸ் மேல் ஒரு புது லாரி.

இருட்டிய பிறகு டார்ச்சை பெயின்ட் பரப்பை ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். மேல் பெயின்டுக்கு அடியில் இருக்கும் பழைய எழுத்துகள் மேடாகத் தெரியும்: ஆலைப் பெயர், ஊர், ‘பப்ளிக் கேரியர்’, சாமி பெயர். டிரேசிங் பேப்பரில் அப்படியே வரைந்துகொள்ளுங்கள். வெயில் படாத இடத்தில், கதவுக் கீலின் அடியிலோ நம்பர் பிளேட்டின் பின்னாலோ, ஓரங்குல வட்டத்தில் 400 நம்பர் தண்ணீர்த் தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) மெல்லத் தேய்த்தால் நிற வளையங்கள் ஒவ்வொன்றாக வரும். உள்வளையம்தான் முதல் நிறம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே எண்ணி, எங்கேயும் உலர்வாகத் தேய்க்காதீர்கள்.

சீட்டுக்கு அடியில் கைவிடும் முன் தடியால் தட்டுங்கள். எலி இருக்கும் வண்டியில் பாம்பும் இருக்கும்.

நகர்த்துவதும் தூக்குவதும்

இழுத்துவர வேண்டுமென்றால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுங்கள். இன்ஜின் ஓடாமல் பின்சக்கரம் மட்டும் சுழன்றால், கியர்பாக்ஸின் அடித்தண்டு சுழலாது. மேலே ஆயில் ஏறாமல் மெயின் ஷாஃப்ட் பேரிங் தீய்ந்துவிடும். கியரில் போட்டு இழுத்து ஸ்டார்ட் செய்து பார்க்கும் வழக்கம் இருக்கிறது. நின்ற வண்டியில் அது கனெக்டிங் ராடை வளைக்கும் வழி.

நம் வண்டல் களிமண் வெயிலில் கல்லாகவும் வாய்க்காலில் தண்ணீர் வந்தால் சேறாகவும் மாறும். காலையில் நிமிர்ந்து நின்ற ஜாக்கி மாலையில் சாய்ந்திருக்கும். மீட்டர்கேஜ் மர ஸ்லீப்பர் ஏறத்தாழ 180 செ.மீ. நீளம்; பாதியாக அறுத்தால் 90 செ.மீ. கட்டைகள். அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டாக அடுக்கி, அடியில் 10 மி.மீ. இரும்புத் தகடு போட்டு, அதன்மேல் சேசிஸை உட்கார வையுங்கள். ஜாக்கி தூக்க மட்டும்தான், தாங்குவது கட்டை. இந்த ஸ்லீப்பர்களில் பல கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஏறியவை. வெறுங்கையால் தூக்காதீர்கள், மிச்சத்துண்டை டீ போட எரிக்கவும் கூடாது.

சக்கரத்தில் அவசரம் வேண்டாம். 20 அங்குல லாக் ரிங் சக்கரத்தில் டயரைப் பிடித்திருக்கும் இரும்பு வளையம் காற்றழுத்தத்தில் தெறித்தால் ஆளைக் கொல்லும். சக்கர நட்டைத் தொடும் முன்பே வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க விடுங்கள், ஜோடிச் சக்கரம் என்றால் இரண்டிலும். சில லேலண்ட், பெட்போர்டு வண்டிகளில் இடப்பக்க நட்டு இடப்புரி, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் பைப் மாட்டித் தொங்கினால் ஸ்டட் ஒடியும். டயர் மாட்டியபின் 10 பி.எஸ்.ஐ. ஏற்றி நிறுத்தி, ரிங் சுற்றிலும் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். உட்காராவிட்டால் காற்றை விட்டுவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். காற்று இருக்கும்போது சுத்தியலால் தட்டவே கூடாது. மீதிக் காற்றை இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளக் குழாயால், பக்கவாட்டில் நின்று ஏற்றுங்கள். துருவில் பொரிந்த ரிங்கைப் பழைய இரும்புக்குப் போடுங்கள்.

சேசிஸ்: உப்பும் தவிடும்

சேசிஸ் சேனலின் உள்மடிப்பில் நெல் தூசியும் தவிடும் இறுகி அடைந்திருக்கும். அது ஈரத்தைக் கோடையிலும் விடாது. மரக் கரண்டியால் சுரண்டி எடுத்தபின் கழுவுங்கள். வண்டி வேதாரண்யம் உப்போ பொட்டாஷ் உரமோ ஏற்றியதா என்று ஊரில் விசாரியுங்கள். ஏற்றியிருந்தால் துருக்குழிகளுக்குள் குளோரைடு இருக்கும். அதை வெளியேற்றாமல் எந்த பிரைமர் அடித்தாலும் அடுத்த ஐப்பசிக்குள் கொப்புளம் வரும். உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, ஓர் இரவு திறந்த நிலையில் விடுங்கள். காலையில் சில புள்ளிகள் மட்டும் கறுத்து ஈரமாகத் தெரிந்தால் அங்கே உப்பு மிச்சம். மறுபடி கழுவ வேண்டும். கடற்கரையோர ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இதற்கு ஆகாது, அதுவே உப்பு. ஆற்றுத் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ பயன்படுத்துங்கள். ரேடியேட்டருக்கும் இதே விதி.

சேசிஸ் மேல்விளிம்புக்கும் பாடிக்கும் இடையே போகும் நீளக்கட்டையைக் கட்டாயம் எடுத்துப் பாருங்கள். அதன் அடியில்தான் மேல்விளிம்பு சத்தமில்லாமல் கரைந்திருக்கும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும், கெட்டது மொத்தென்று. ஆட்டம் கண்ட ரிவெட்டை வெல்டு வைத்து நிறுத்தாதீர்கள், பக்கத்தில் விரிசல் ஓடும். துளையை ரீமர் போட்டு, இறுக்கமாக நுழையும் 8.8 தர போல்ட் போடலாம். மேல், கீழ் விளிம்புகளில் புதுத்துளை கூடாது. வளைவு விசை முழுவதும் அங்கேதான். சேசிஸ் வெல்டிங் தவிர்க்க முடியாதென்றால் திருச்சி துவாக்குடி பக்கம் தொழிற்கூடங்களில் கைதேர்ந்த வெல்டர்கள் இருக்கிறார்கள். ஊர் கேட்டுக்கு வெல்டு வைப்பவரிடம் இதைக் கொடுக்காதீர்கள்.

பிரைமருக்கு ஜிங்க் பாஸ்பேட் எபாக்ஸி நல்லது. சேசிஸ், குறுக்குச் சட்டம், ஆக்சில் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 20 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்கு 5 லிட்டர் ஆகும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்காதீர்கள். இரும்பின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை)க் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். டெல்டாவில் இதற்குத் தோதான காலம் தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை, காலை பத்து மணிக்கு மேல் மாலை நாலு வரை. சங்கடம் என்னவென்றால் சம்பா அறுவடையும் அப்போதுதான், குழுவில் பாதிப்பேர் வயலில் இருப்பார்கள். ஆகவே கழுவுதல், சுரண்டுதல் போன்ற ஆள்பலம் கேட்கும் வேலையைக் கோடையிலேயே முடித்து, தற்காலிகமாக ஒரு கோட் பிரைமர் போட்டு வையுங்கள். தைக்குப் பிறகு அதைத் தேய்த்துவிட்டு இரண்டு பேர் பெயின்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் டைனமோ, செல்ஃப் மோட்டார், கார்பன் பிரஷ், வயரிங் என்று ஷெட்டுக்குள் உட்கார்ந்து செய்பவை.

இறுகிய இன்ஜின்

இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் பிளக்கை முழுக்கத் திறக்காமல் ஓரிரு புரி மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் ஆயிலுக்கு முன் அதுதான் வரும். எவ்வளவு வருகிறது என்று அளந்து எழுதுங்கள். ஒரு டம்ளர் என்றால் ஈரக்காற்று படிந்தது. லிட்டர் கணக்கில் வந்தால் கேஸ்கட், ஹெட், அல்லது மூடாமல் கிடந்த சைலன்ஸர் வழி மழை.

டீசலைத் தெளிக்கும் ஆறு நாசிலையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் ஏ.டி.எஃப். ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) பாதிக்குப் பாதி கலந்து 100 மி.லி. ஊற்றுங்கள். ஒரு வாரம் விட்டு, குறைந்த சிலிண்டரில் மறுபடி ஊற்றுங்கள். பிறகு ஃப்ளைவீல் பல்லில் கம்பி கொடுத்து முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்க வேண்டும். ஒரே பக்கம் பலம் கொடுத்தால் ரிங் உடையும். அதற்கு முன் ராக்கர் கவரைத் திறந்து வால்வுகள் தட்டினால் இறங்கி ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஒட்டிய வால்வோடு சுற்றினால் புஷ் ராட் வளையும். நாசிலை மாட்டும் முன் கலவை முழுதும் வெளியே வரும்வரை சுற்றிவிடுங்கள். சிலிண்டரில் திரவம் நின்றால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, ராடுதான் வளையும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பார்க்க வேண்டியது டீசல் பம்பு. டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் (பம்புக்குள் நகரும் தண்டு) ஒட்டிக்கொண்டிருந்தால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும், சாவியைத் திருப்பி நிறுத்த இது பெட்ரோல் கார் இல்லை. ஸ்டாப் கேபிளை இழுத்தால் ராக் தங்குதடையின்றி நகர வேண்டும். காற்றின் உறிஞ்சலால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நியூமேட்டிக் கவர்னர் உள்ள பம்பாக இருந்தால் தோல் டயாஃப்ரத்தைச் சோதியுங்கள்: காற்றுக் குழாயைக் கழற்றி, ராக்கை ஸ்டாப் பக்கம் தள்ளி, குழாய் வாயை விரலால் அடைத்துவிட்டு லீவரை விடுங்கள். ராக் அங்கேயே நின்றால் டயாஃப்ரம் நல்லது, மெதுவாகத் திரும்பி வந்தால் ஓட்டை. எதற்கும் ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, காற்று நுழையும் வாயை மூடும் அளவில் ஒரு பலகையோடு ஓர் ஆள் நிற்கட்டும். துணி வேண்டாம், உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நாசில் இல்லாமல் செல்ஃப் அடித்து ஆயில் கேஜ் எழும்வரை சுற்றிய பிறகு நாசிலை மாட்டுங்கள். சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-5-3-6-2-4. ப்ரீசேம்பர் இன்ஜின்களில் (டீசல் முதலில் ஒரு சிற்றறையில் எரியும் வகை) ஹீட்டர் பிளக்குகள் பெரும்பாலும் தொடர்வரிசையில் இணைந்தவை, ஒன்று போனால் ஆறும் சூடாகாது. குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று பம்பைப் பிரிக்கும் முன் இதை மீட்டர் வைத்துப் பாருங்கள். டீசல் டேங்கைக் காலியாக இருந்தாலும் வெல்டு வைக்கக் கூடாது. டேங்கின் ஓட்டைக்கு ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் பற்றவைக்கும் முன் நன்றாக ஆவியில் கழுவச் சொல்லுங்கள்.

பிரேக்

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்துத் தூசி தட்டாமல் ஈரத்துணியால் துடைத்துக் கவரில் கட்டிப் போடுங்கள். வீல் சிலிண்டரில் குழி விழுந்திருந்தால் லேத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டுக்கொள்ளலாம், புது ரப்பர் மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் கசியும். செம்புக் குழாய் வளைக்கச் சுலபம் என்று போடுவார்கள். அதிர்வில் இறுகி வெடிக்கும். ஸ்டீல் பிரேக் குழாயே சரி.

மரவேலை

தளப்பலகைக்கு வேங்கையோ கருமருதோ, ஒன்றேகால் அங்குலத் தடிப்பு. பச்சைமரம் ஆகாது, ஈரம் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பலகையை நெருக்கி அடித்தால் ஐப்பசியில் ஊதி, போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு எழும். எட்டங்குலப் பலகைகளுக்கிடையே 3 மி.மீ. விடுங்கள். மழைக்காலத்தில் பொருத்துகிறீர்கள் என்றால் ஒட்டியே போடலாம், கோடையில் இடைவெளி தானே வரும். பலகையின் இரு முனைகளும் போல்ட் துளைகளும்தான் தண்ணீரைக் குடிக்கும். பொருத்தும் முன் அங்கே மூன்று கோட் பெயின்ட் காட்டுங்கள். நீளக்கட்டைக்கும் சேசிஸுக்கும் இடையே பழையபடி சாக்கும் தாரும் வைக்காதீர்கள். யூ போல்ட் இருக்கும் இடங்களில் மட்டும் ரப்பர் துண்டு வைத்து, மீதி இடத்தில் காற்றோட விடுங்கள்.

நிறுத்திய பிறகு

சக்கரத்தடியில் கருங்கல் பலகை போட்டு, டயரின் பாரத்தைக் கட்டைமேல் ஏற்றிவிடுங்கள். மண்தரை ஷெட்டில் கரையான் கட்டை வழியாகவே தொட்டிக்கு ஏறும். வாரம் ஒருமுறை கட்டையின் பக்கவாட்டில் மண்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். சைலன்ஸர் வாயில் எலி நுழையாத கம்பிவலை கட்டுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் டீசல் டேங்கை விளிம்புவரை நிரப்புங்கள். காலி இடத்தில்தான் ஈரம் வேர்க்கும். பார்வையாளருக்காக ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது இன்ஜினுக்குக் கெடுதல், சம்பில் தண்ணீர் சேரும். ஓட்டினால் அரைமணி நேரம், ரேடியேட்டர் மேல்தொட்டி கைபொறுக்காத சூடு வரும்வரை ஓட்டுங்கள்.