எட்டு போட்ட பிறகு செய்கிற தவறுகள்

போன வாரம் ஒரு பையனை முதல் தடவையாக நாற்கரச் சாலைக்குக் கூட்டிப்போனேன். எல்.எல்.ஆர். எடுத்து இருபது நாள். கிளட்ச், கியர் எல்லாம் நன்றாகவே கைக்கு வந்துவிட்டது. பெரம்பலூரைத் தாண்டியதும் ஒரு பஸ்ஸின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டான். பஸ்ஸின் முதுகில் எழுதியிருந்த போன் நம்பரை என்னால் படிக்க முடிந்தது. என் பக்கத்து பிரேக் மீது கால் தானாகப் போய் உட்கார்ந்தது. "இடம் விடுப்பா" என்றேன்.

"இடம் விட்டா எவனாவது உள்ள புகுந்துடுவான் மாஸ்டர்."

இதே வாக்கியத்தை 2011-ல் நான் என் மச்சானிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

ஹெல்மெட் போடுங்கள், குடித்துவிட்டு ஓட்டாதீர்கள், சீட் பெல்ட்டை மாட்டுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாமல் யாரும் தப்பு செய்வதில்லை. தப்பு என்றே தெரியாமல் செய்கிற சிலவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

லைசென்ஸ் வந்ததும் படிப்பு முடிந்தது என்று நினைப்பது

18 வயதில் லைசென்ஸ் எடுத்தால் 40 வயது வரை செல்லும். நடுவில் 22 வருடம். அந்த 22 வருடத்தில் உங்கள் கண் எப்படி இருக்கிறது, புது விதி என்ன வந்தது, வண்டி எப்படி மாறியது என்று யாரும் கேட்பதில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கால் ஊன்றாமல் எட்டு போட்ட அந்த ஐந்து நிமிடத்தோடு சரி. அதன் பிறகு நமக்குப் பாடம் எடுப்பது சாலைதான். அது எந்தப் பாடத்தையும் வரிசையாக எடுப்பதில்லை.

வாத்தியார் என்று சொல்லிக்கொள்கிற நானும் இதில் மாட்டியிருக்கிறேன். வண்டி வழுக்கினால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும் என்று என் குரு சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்து வண்டிக்கு அது சரி. 2019 ஏப்ரலில் இருந்து புதிய கார் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ்., அதாவது ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற பிரேக் அமைப்பு, கட்டாயம். அதற்கு விட்டு விட்டு மிதிப்பது கெடுதல். ஓங்கி மிதித்து அப்படியே அழுத்திக்கொண்டு, ஸ்டீயரிங்கைத் திருப்பி ஒதுங்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் கொஞ்ச நாள் பழைய பாடத்தையே புதிய காரில் நடத்திக்கொண்டிருந்தேன். எத்தனை பேருக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேனோ. இன்னொன்று, ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் 'கிர்ர்' என்று அதிரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காலி மைதானம் எங்காவது கிடைத்தால், பின்னால் யாரும் இல்லாதபோது நாற்பதில் போய் ஒரு தடவை ஓங்கி மிதித்துப் பாருங்கள். அந்த அதிர்வை முதல் தடவை விபத்தின்போது அனுபவிக்க வேண்டாம்.

முன்னால் போகிற வண்டியை ஒட்டிப் போவது

சரி, 2011. சொந்தக்காரக் கல்யாணத்துக்குச் சென்னை கிளம்பினோம். வேனில் ஒன்பது பேர், நான்தான் ஓட்டினேன். தொழுதூர் தாண்டும்போது விடிகாலை நாலரை இருக்கும். முன்னால் ஒரு ஆம்னி பஸ். அதன் பின்னாலேயே போனால் நிம்மதி என்று ஒரு எண்ணம். அவனுக்கு லைட் அதிகம், வழியும் தெரியும். மச்சான் முன்சீட்டில் இருந்து, "மாப்ளே, ரொம்ப ஒட்டாத" என்றார். நான் சொன்ன பதில் உங்களுக்கே தெரியும்.

பஸ் பிரேக் போடவில்லை. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். முன்னால் போகிறவன் பிரேக் போடுவான், சிவப்பு விளக்கு எரியும், நாமும் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். பஸ் சட்டென்று வலது பக்கம் ஒதுங்கியது, அவ்வளவுதான். பஸ் இருந்த இடத்தில் ஒரு லாரியின் முதுகு நின்றது. டயர் பஞ்சராகிப் பாதி சாலையில், பாதி மண்ணில். ரிஃப்ளெக்டர் மேல் சேறு. எச்சரிக்கைக்கு ஒரு வேப்பங்கிளையை ஒடித்துப் பின்னால் பத்தடி தள்ளிப் போட்டிருந்தார்கள். பகலில் வைத்தாலே அதைப் பார்த்து நிறுத்த முடியாது.

பிறகு போலீஸ்காரர் டேப் வைத்து அளந்தபோது, சாலையில் என் பிரேக் தடமே இல்லை. கால் பிரேக்குக்குப் போய்ச் சேரவே இல்லை. மச்சான் காலில் இன்றைக்கும் பிளேட் இருக்கிறது. மழைக்கு முந்தின நாள் அவருக்கு வலி வந்துவிடும், "நாளைக்கு மழை மாப்ளே" என்று போன் பண்ணுவார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

இதன் கணக்கு ரொம்பச் சின்னது. மணிக்கு 90 கிலோமீட்டரில் போனால் வினாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறோம். கண் பார்த்து, மூளை புரிந்து, கால் நகர ஒன்று, ஒன்றரை வினாடி. அதற்குள்ளேயே 25 முதல் 37 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த சாலையில், நல்ல டயரில், வண்டி நிற்க இன்னும் 45 மீட்டர் மாதிரி வேண்டும். பஸ்ஸுக்குப் பின்னால் பதினைந்து மீட்டரில் போகிறவனுக்கு இதில் எதுவும் கிடையாது. ஓட்டுவது அவன்தான், ஆனால் முன்னால் பார்ப்பது பஸ் டிரைவரின் கண்.

மத்திய அரசு வெளியிட்ட 2022 கணக்கில் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பின்னாலிருந்து போய் மோதியவை. எதிரெதிரே மோதுவதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், எண்ணிக்கையில் அதைவிட இதுதான் அதிகம்.

என்ன செய்யலாம்? மீட்டரெல்லாம் ஓடும்போது யாராலும் அளக்க முடியாது, அதனால் எண்ணுங்கள். முன்வண்டியின் பின்பக்கம் ஒரு கிலோமீட்டர் கல்லையோ பாலத்துக் கைப்பிடிச் சுவரையோ தாண்டியதும், "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு" என்று ஆரம்பியுங்கள். வெறும் ஒண்ணு, ரெண்டு என்றால் அவசரத்தில் வேகமாக எண்ணிவிடுவோம், அதற்குத்தான் இந்த ஆயிரம். "ரெண்டு" முடிவதற்குள் அதே கல்லை நீங்களும் தொட்டுவிட்டால் ரொம்பக் கிட்டே போகிறீர்கள் என்று அர்த்தம். முன்னால் கார் என்றால் இரண்டு போதும். பஸ், லாரி, வைக்கோல் ஏற்றிய வண்டி, அதாவது அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத எதுவாக இருந்தாலும் மூன்று. மழையில் நான்கு.

அப்புறம் அந்த "எவனாவது புகுந்துடுவான்". புகுவான், இல்லை என்று சொல்லவில்லை. அவன் புகுந்ததும் காலைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி இடம் விடுங்கள். ஒருத்தன் புகுந்தால் உங்களுக்கு நஷ்டம் இரண்டு வினாடி. பெரம்பலூரில் இருந்து சென்னைக்குள் முப்பது பேர் புகுந்தாலும் ஒரே ஒரு நிமிடம்தான். வழியில் டீ குடிக்க நிறுத்தினால் இருபது நிமிடம் போகிறது, அதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இதை அந்தப் பையனிடம் சொன்னேன். திரும்பி வரும்போது எண்ணிக்கொண்டே வந்தான், நாலு பேர் புகுந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் முகம் சொத்தை எழுதிக் கொடுத்தவன் மாதிரி ஆனது. பழகிவிடும்.

யூ-டர்ன் தூரம் என்று எதிர்த்திசையில் வருவது

இரண்டு கிலோமீட்டர்தானே, சுற்றிக்கொண்டு வாருங்கள்.

எதிரில் வருகிறவன் ஹைபீமுக்குப் பதில் ஹைபீம்

இரண்டு குருடர்கள் ஆகிவிடுவோம்.

வயசான பிறகும் பழைய கண்ணையே நம்புவது

40 தாண்டிவிட்டால் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சர்டிஃபிகேட் வேண்டும். 55-க்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் கண்ணைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் தருகிற இடங்களையும் பார்த்திருக்கிறேன்.

பகலில் நன்றாகப் பார்க்கிறவருக்கும் புரை விழ ஆரம்பித்தால் இரவில் எதிர்வெளிச்சம் பூத்துப்போய்ப் பரவும். அது மெதுவாக வருவதால் அவருக்கே தெரியாது, "இப்பல்லாம் எல்லாரும் கண்ட லைட்டைப் போட்டுக்கிட்டு வர்றானுங்க" என்பார். என் அப்பாவும் இதையே ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் வண்டி ஓட்டியவரிடம் "உங்க கண்ணு சரியில்லப்பா" என்று எப்படிச் சொல்வது? ஒரு நாள் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறாரே, எப்போது தெரிகிறதோ அப்போது சொல்லுங்கள் என்றேன்.

"எந்த சைக்கிள்?" என்றார்.

அதற்குள் சைக்கிளைத் தாண்டியிருந்தோம். வீட்டுக்கு வருகிற வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்றார், சாவியை என் கையில் கொடுத்துவிட்டு இடது பக்கம் போய் உட்கார்ந்தார்.