ஆடிப் பெருக்குக்கு ‘நாரு மடி’: ஓர் ஏக்கர் சம்பாவுக்கு நாற்று விடும் முறை

எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. நீடாமங்கலம் பக்கம் பல தலைமுறையாக இருக்கிறோம். வயலில் ஆட்களோடு பேசுவது தமிழ்தான் என்றாலும், நாற்றங்காலை வீட்டில் ‘நாரு மடி’ என்றுதான் சொல்வோம். ஆடி 18 அன்று ஆற்றங்கரையில் காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டுவிட்டு, சாயங்காலம் விதை தெளித்துவிட வேண்டும் என்பது எங்கள் அவ்வா (பாட்டி) வைத்த வழக்கம். அதற்கான வேலை முன்கூட்டியே தொடங்கிவிடும்.

ஓர் ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் போதும். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், தெளிப்புக்குப் பத்து நாள் முன்பே உழுது, கொளுஞ்சியோ புங்கன் தழையோ போட்டு மிதித்து அழுகவிடுங்கள். தண்ணீர் பிந்தினால் விதைப்பையும் தள்ளிப் போடுங்கள். தேதிக்காக விதையை வீணாக்க வேண்டாம்.

நான் போடுவது சி.ஆர். 1009 என்ற நீண்ட கால நெல் ரகம். ஏக்கருக்கு 12 கிலோ விதை. பயந்துகொண்டு அதிகம் போட்டால் நாற்று நெருக்கியடித்து ஊசி ஊசியாகப் போய்விடும்.

ஆடி 16 பிற்பகலில் விதையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, நல்ல கோழி முட்டை ஒன்றைப் போடுங்கள். அடியில் போய்ப் படுக்கும். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வந்தால் முட்டை எழும்பி, அதன் மேல்பக்கம் பழைய நாலணா அளவுக்கு வெளியே தெரியும். அங்கே நிறுத்திவிட்டு விதையைக் கொட்டுங்கள். மிதப்பதைத் தள்ளிவிட்டு, அமிழ்ந்ததை எடுத்து உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசுங்கள். கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்த் தூள்) கலந்த தண்ணீரில் 24 மணி நேரம் ஊறட்டும்.

அப்புறம் முளைகட்டுவது. நாற்றின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது. ஆடி 17 சாயங்காலம் விதையை வடிகட்டி, நனைத்த சணல் சாக்கில் தளர்வாகக் கட்டி, வைக்கோல் போட்டு மூடி, நிழலில் வையுங்கள். இரவு ஒருமுறை சாக்குக்குள் கை விட்டுப் பாருங்கள். இதமான சூடு இருந்தால் சரி. கை பொறுக்காத சூடென்றால் உடனே தண்ணீர் தெளித்துப் புரட்டுங்கள். மறுநாள் பிற்பகலில் நெல்லின் முனையில் வெள்ளையாக முளை குத்திட்டு நிற்கும், அதுதான் பதம். ஒரு வருஷம் வீட்டில் விசேஷம் என்று நான் சாக்கை ஒருநாள் கூடுதலாக விட்டுவிட்டேன். வேர் ஒன்றோடொன்று பின்னி, பிரிக்கும்போது பாதி முளை ஒடிந்தது. அந்த வருஷம் நாற்றுக்கு ஊர் ஊராக அலைந்தேன்.

நாற்றங்கால் சேற்றை முந்தின நாளே பரம்படித்துச் சமப்படுத்தி, தெளியவிடுங்கள். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். உடனே மூடிக்கொண்டால் சேறு இன்னும் இளக்கம், விதை அமுங்கிவிடும். மெல்ல மூடினால் தெளிக்கலாம். காற்று அடங்கிய நேரமாகப் பார்த்து, மெல்லிய தண்ணீர் நிற்கும்போதே பாத்தியில் பரவலாக வீசுங்கள். மறுநாள் சாயங்காலம் தண்ணீரை வடித்துவிடுங்கள். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் வெயிலில் சுட்டால் முளை வெந்துபோகும். அதற்குக் குச்சியால் சிறு கீறல் போட்டு வழிவிடுங்கள். ஐந்து நாள் வரை ஈரம் மட்டும் போதும். பிறகு நாற்று வளர வளர ஓர் அங்குலம் வரை தண்ணீர் ஏற்றலாம்.

30 முதல் 35 நாளுக்குள் பறித்து நட்டுவிடுங்கள். சி.ஆர். 1009-க்கு வயது 155 முதல் 160 நாள். ஆடிப் பெருக்கில் தெளித்தது தை பிறப்பதற்குள் அறுப்புக்கு வந்துவிடும். அவ்வாவுக்கு அது ‘சங்கராந்தி’. அன்றைக்குப் பானையில் பொங்குவது அந்தப் புத்தரிசிதான்.