தோழியோடு பாரதி வீட்டுக்கு: கடலூரிலிருந்து ஒரு நாள்

பாண்டிக்கு என்றாலே பீச், ஆரோவில் என்றுதான் நம் ஊர்க்காரர்கள் கிளம்புகிறார்கள். பாரதியார் 1908 முதல் 1918 வரை அங்கேதான் இருந்தார். கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் எல்லாம் அந்த ஊரில் எழுதியவை. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு இப்போது நினைவு இல்லம். உள்ளே ஒரு சுற்று சுற்றிவிட்டு வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புபவர்களே அதிகம். அந்த வீட்டுக்கு ஒரு முழு நாளைக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் துணை. ஒரே ஒருவர் போதும். நாலு பேர் சேர்ந்தால் பேச்சு வேறெங்கோ போய்விடும். வருபவர் பாரதியைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை. எனக்கு மஞ்சக்குப்பத்தில் தையல் கடை. என் தோழி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். “பத்தாவது பரீட்சைக்குப் படிச்சதோட சரிடி” என்றுதான் வந்தாள். வாய்விட்டுப் படிக்கக் கூச்சப்படாதவராக இருந்தால் போதும்.

போகும் முன் வீட்டில் ஒரு பாட்டைப் படித்து வையுங்கள். நான் சொல்வது ‘புயற் காற்று’. நள வருஷம் கார்த்திகை 8, புதன்கிழமை இரவு என்று தலைப்பிலேயே நாள் குறித்து எழுதியிருக்கிறார். 1916 நவம்பரில் பாண்டியைப் புரட்டிப்போட்ட புயல் அது. ஒரு கணவனும் மனைவியும் இருட்டில் பேசிக்கொள்வதுதான் பாட்டு. நேற்றுவரை இருந்த வீட்டிலேயே இன்றும் இருந்திருந்தால் நம் கதி என்ன ஆகியிருக்கும் என்று திகைக்கிறார்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்தபோது கடலூரில் இருந்தவர்களுக்கு இதற்கு உரை தேவையே இல்லை. இரண்டு குரலில் அமைந்த பாட்டு என்பதால் இரண்டு பேர் போவதற்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. யாருக்குக் கணவன் பங்கு, யாருக்கு மனைவி பங்கு என்று பஸ்ஸிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமையும் அரசு விடுமுறை நாளும் வேண்டாம். ஞாயிறு என்றால் காந்தி வீதி முழுக்க சண்டே மார்க்கெட்; நடக்கவே இடமிருக்காது. செவ்வாய் முதல் சனிக்குள் ஒரு நாள் பாருங்கள். காலை எட்டு மணி வாக்கில் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினால், பெண்ணையாற்றுப் பாலம், கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாக ஒரு மணி நேரத்தில் பாண்டி.

வழியில் தோழிக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். அப்போது பாண்டி பிரெஞ்சுக்காரர் கையில், கடலூர் இங்கிலீஷ்காரர் கையில். 1918 நவம்பர் 20-இல் பாரதி எல்லை தாண்டி நம் பக்கம் வந்ததும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் அடைத்தார்கள். டிசம்பர் 14-இல்தான் விட்டார்கள். இதைக் கேட்ட பிறகு என் தோழி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து டெம்போவோ ஆட்டோவோ பிடித்து, காந்தி வீதியில் வேதபுரீஸ்வரர் கோயில் பக்கம் இறங்கி விசாரியுங்கள். பாரதியார் வீடு என்றால் சொல்வார்கள். பத்து மணி வாக்கில் உள்ளே போவது நல்லது. கூட்டம் குறைவு, வெயிலும் ஏறியிருக்காது.

உள்ளே போனதும் கண்ணாடிப் பெட்டிகளை நோக்கி ஓட வேண்டாம். முதலில் வீட்டைப் பாருங்கள். தூண்கள் சூழ்ந்த முற்றம், மேலிருந்து இறங்கும் வெளிச்சம். மழை வந்தால் வீட்டுக்குள்ளேயே மழை பார்க்கலாம். பிறகு புகைப்படங்கள். பாரதியின் அசல் புகைப்படங்கள் என்று கிடைத்திருப்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவையே. நாம் காலண்டரில் பார்க்கும் முறுக்கு மீசை முகம் ஓவியர் வரைந்தது. செல்லம்மாவோடு எடுத்துக்கொண்ட படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்று அந்த அம்மாளின் முகத்தையும் பாருங்கள். போலீஸ் வேவு, பணமுடை, இரண்டு பெண் குழந்தைகள். இத்தனைக்கும் நடுவில் அந்த வீட்டில் அடுப்பெரிய வைத்தவர் அவர். அவரைப் பார்க்காமல் பாரதி வீட்டைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது என்பேன்.

அங்கிருக்கும் ஊழியரிடம் கேட்டுக்கொண்டு முற்றத்து ஓரமாக உட்கார்ந்து பாட்டை மெல்லிய குரலில் படியுங்கள். கணவன் பங்கு என் தோழிக்கு. பாதியில் நிறுத்தி, “தானே அன்னிக்கு எங்க வீட்டு ஓடு பறந்தப்ப அம்மா இதையேதான்டி கேட்டாங்க” என்றாள். பிறகு முதலிலிருந்து மறுபடி படித்தோம். அவசரமில்லாமல் போனால்தான் இதெல்லாம் நடக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு நேரு வீதிக்கு நடந்துவிடுங்கள், ஓட்டல்களுக்குப் பஞ்சமில்லை. சாப்பிட்டதும் காபிக்கு அதே வீதியில் இந்தியன் காபி ஹவுஸ்.

அடுத்தது பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு. இதுவும் நடை தூரம்தான்; வரதராஜப் பெருமாள் கோயிலை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கனகசுப்புரத்தினம் என்ற புதுவைக்காரர் பாரதிதாசன் ஆனதற்கு நீங்கள் காலையில் பார்த்த வீட்டில் இருந்தவர்தான் காரணம். அதனால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். நாம் பள்ளிக்கூடத்தில் ‘நீராருங் கடலுடுத்த’ பாடினோம். எல்லை தாண்டினால் தமிழ்த்தாய் வாழ்த்தே வேறு, அது பாரதிதாசன் எழுதியது. தோழிக்கு இது தெரியாது. அங்கேயே போனில் தேடிப் போட்டுக் கேட்டாள்.

நேரம் மிச்சமிருந்தால் பாரதி பூங்கா பக்கம் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போங்கள். 1827-இல் தொடங்கிய நூலகம் அது; காந்தியின் வாழ்க்கையை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளரின் பெயரைப் பின்னால் வைத்தார்கள். தமிழ்ப் பகுதியில் உட்கார்ந்து காலையில் கண்ணில் பட்டுப் புரியாமல் போனதைத் தேடிப் பார்க்கலாம். கால் வலிக்கிறது என்றால் நூலகத்தை விட்டுவிட்டுப் பூங்கா நிழலில் உட்காருங்கள், தப்பில்லை. மணக்குள விநாயகர் கோயில் கிட்டத்தில்தான். பாரதி ‘விநாயகர் நான்மணிமாலை’ பாடியது இவர்மேல்தான் என்று தெரிந்துகொண்டு கும்பிடுவது தனி. முத்தியால்பேட்டை, கருவடிக்குப்பம் பக்கம் பாரதி போய்வந்த குயில் தோப்பும் சித்தானந்த சாமி கோயிலும் இருக்கின்றன. ஒரே நாளில் அதையும் சேர்த்தால் எல்லாமே ஓட்டமாகிவிடும். இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மணிக்கு மேல் கடலூர் பஸ்ஸில் வேலை முடிந்து திரும்புபவர்கள் கூட்டம். ஐந்துக்குள் கிளம்புங்கள். நடுவழி ஸ்டாப்பில் காத்திருக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கே போய் ஏறினால் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட் கிடைக்கும்.